ஆறாம் தலைமுறைக்கும் ஓசிஐ கார்டு: கரீபியன் நாடுகளில் பாட்டன் பெயரை எந்தக் காகிதத்தில் தேடுவது?

2025 ஜூலையில் டிரினிடாட் சென்றிருந்த பிரதமர் நரேந்திர மோடி, அங்குள்ள இந்திய வம்சாவளியினரின் ஆறாம் தலைமுறைக்கும் ஓசிஐ கார்டு வழங்கப்படும் என்று அறிவித்தார். சுரினாமுக்கு இதே சலுகை 2023-லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. மொரீஷியஸுக்கு 2024-ல் ஏழாம் தலைமுறை வரை கிடைத்தது.

நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கார்டுக்கு விண்ணப்பிப்பவர் என்ன காட்ட வேண்டும்? "எங்க பாட்டனோட பாட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர்" என்று சொன்னால் போதாது. அந்தப் பாட்டன் யார், எந்தக் கப்பலில் வந்தார், அவருக்கும் எனக்கும் நடுவில் யார் யார் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். நம்ம ஊரில் பரன், சேயோன், ஓட்டன், பூட்டன், பாட்டன் என்று ஏழு தலைமுறைக்குப் பெயர் உண்டு என்பார்கள். உங்கள் ஓட்டனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தாலும், அதற்கு ஒரு சான்றிதழ் காட்ட முடியுமா?

கரீபியனில் இந்தக் கேள்வி இப்போது பல்லாயிரம் வீடுகளில் நிஜமான கேள்வி. பதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. பீகாரிலிருந்து போனவரின் வாரிசுக்கு ஓரளவு எளிது. சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவரின் வாரிசுக்குக் கடினம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவரின் வாரிசுக்கு, ஓர் இடத்துக்கு மேல் கிட்டத்தட்ட சுவர். ஏன் இப்படி என்று பார்ப்போம்.

தலைமுறைக் கணக்கு யாருக்கு உதவுகிறது?

குடியுரிமைச் சட்டத்தின் பொதுவான விதிப்படி, இந்தியக் குடிமகனாக இருந்தவர் அல்லது இருக்கத் தகுதி பெற்றிருந்தவரின் பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப் பேரன் பேத்தி வரைதான் ஓசிஐ. அதாவது நான்கு தலைமுறை. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் பலர் இந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள். அதனால்தான் ஆறு என்ற அறிவிப்பு வந்தது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. கப்பலேறியவரை முதல் தலைமுறை என்று எடுத்துக்கொள்வோம். தலைமுறைக்குத் தலைமுறை 27 ஆண்டு இடைவெளி என்று வெச்சுக்குவோம். 1910-ல், 22 வயதில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ஒருவருக்கு, 1996 வாக்கில் பிறந்த வாரிசு ஐந்தாம் தலைமுறை. ஆறுக்குள் வந்துவிடுகிறார். 1858-ல், 23 வயதில் சென்னையிலிருந்து புறப்பட்டவருக்கு, 1970 வாக்கில் பிறந்தவர் ஆறாம் தலைமுறை. 1997-ல் பிறந்த அவர் மகள் ஏழாம் தலைமுறை. அம்மாவுக்குக் கதவு திறக்கிறது, மகள் வெளியே நிற்கிறார். அரசு எந்தத் தலைமுறையிலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து இதில் ஒன்று கூடலாம், குறையலாம். ஆனால் முன்னால் போனவரின் வாரிசு பின்னால் நிற்பார் என்பது மாறாது.

கரீபியனுக்குச் சென்னையிலிருந்து போனவர்களில் பெரும்பகுதியினர் முன்னால் போனவர்கள். ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல்கள் 1838 மே மாதம் பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. டிரினிடாட்டுக்கு முதல் கப்பலான ஃபடேல் ரசாக் 1845 மே 30-ம் தேதி வந்தது. இந்த ஆள்சேர்ப்பு 1917 வரை நடந்தது. அந்தக் காலத்தில் கயானாவுக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 39 ஆயிரம் பேரும், டிரினிடாட்டுக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 44 ஆயிரம் பேரும் போனார்கள். கயானா கணக்கில் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் 15 ஆயிரம் பேர் அளவில்தான். அவர்களில் பெரும்பாலோர் 1845-க்கும் 1860-களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலத்தவர்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் கூலிக் கப்பல்கள் பெரும்பாலும் இலங்கை, பர்மா, மலாயா, நேட்டால் பக்கம் திரும்பிவிட்டன. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டும் மேற்கே மீண்டும் கொஞ்சம் பேர் போனார்கள்.

எமிகிரேஷன் பாஸ் என்ற ஒற்றைத் தாள்

தேடலின் மையமே இந்தத் தாள்தான். துறைமுகத்தில் கப்பலேறும் முன் ஒவ்வொருவருக்கும் ஒரு எமிகிரேஷன் பாஸ் எழுதினார்கள். கப்பல் பெயர், டிப்போ எண், ஆளின் பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா அல்லது தானா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு மச்சம், நெருங்கிய உறவினர் யார், திருமணமானவர் என்றால் யாரோடு என்றெல்லாம் அதில் கட்டங்கள் இருந்தன. மருத்துவர் கையெழுத்தும், குடியேறுவோர் பாதுகாவலர் என்ற அதிகாரியின் கையெழுத்தும் உண்டு.

டிரினிடாட் பிரதமர் கம்லா பெர்சாத் பிசேசரின் மூதாதையர் ஊர் பீகாரின் பக்சர் மாவட்டத்தில் உள்ள பேல்பூர் என்று கண்டுபிடிக்கப்பட்டு, 2012-ல் அவர் அங்கே போய்வந்தார். இப்படி ஒருவரை அவர் மூதாதையின் கிராமத்து வாசல் வரை கொண்டுபோய் விடக்கூடிய தாள் அது. எழுத்தாளர் கயூத்ரா பகதூர், 1903-ல் கிளைட் என்ற கப்பலில் கர்ப்பிணியாகத் தனியே கயானாவுக்குப் போன தன் கொள்ளுப் பாட்டியைத் தேடி 2013-ல் ஒரு புத்தகமே எழுதினார். கணவன் இல்லாமல் ஒரு பெண் ஏன் கப்பலேறினார் என்பதற்குத் தாளில் பதில் இல்லை. தனியாகப் போனார் என்பது மட்டும் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்க. அந்தத் தாள் அந்த மனிதருக்காக எழுதப்பட்டதல்ல. கூலியை அனுப்புபவருக்கும், பெறுகிற தோட்ட முதலாளிக்கும் நடுவில் சரக்குக் கணக்கு போல எழுதப்பட்டது. ஆகவே அதில் முக்கியமானது பெயர் இல்லை, எண். தீவில் இறங்கியதும் ஒவ்வொருவரும் ஒரு பதிவேட்டில் ஏறினார்கள், ஒரு தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்டார்கள். அந்த எண்ணும் கப்பல் பெயரும்தான் பிறகு எல்லா இடத்திலும் கூடவே வந்தன.

இதனால் தேடுபவருக்கு ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது: பெயரை வைத்துத் தேடாதீர்கள், கப்பலையும் எண்ணையும் பிடியுங்கள். ராம்சாமி என்ற பெயரில் நூறு பேர் இருப்பார்கள். ஒரு கப்பலில், ஓர் ஆண்டில், ஓர் எண்ணுக்கு ஒரே ஆள்தான்.

கப்பலும் எண்ணும் எங்கே கிடைக்கும்? இப்போதிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். உங்கள் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணப் பதிவு, தாத்தாவின் இறப்புச் சான்று, அதற்கு முந்தைய தலைமுறையின் பிறப்புப் பதிவு என்று ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் தோட்டத்தில் பிறந்த குழந்தைகளின் பழைய பதிவுகளில், பெற்றோரின் கப்பல் பெயரும் எண்ணும் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. அந்த ஒரு வரியைத் தொட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிரினிடாட்டில் சிவில் பிறப்புப் பதிவு 1848-லேயே தொடங்கியது. ஜமைக்காவில் கட்டாயப் பதிவு 1878-ல்தான் வந்தது.

நடுவில் பலரும் வழி தவறும் இடம் ஒன்று உண்டு. டிரினிடாட்டில் இந்து முறைத் திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1940-களின் நடுவில்தான். முஸ்லிம் திருமணச் சட்டம் 1936-ல் வந்தது. அதற்கு முன் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, தாலி கட்டிய கல்யாணம்கூட, தனியாகப் பதிவு செய்யாவிட்டால் அரசுக் கணக்கில் கல்யாணம் இல்லை. பிறந்த பிள்ளைகள் முறைப்படி பிறக்காதவர்கள் என்று தாயின் பெயரில் பதிவானார்கள். ஆகவே தாத்தாவின் பெயரில் தேடித் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால், பாட்டியின் பெயரில் தேடுங்கள். இந்தச் சங்கிலியை அறுந்துபோகாமல் பிடித்துவைத்திருப்பவை பெண்களின் பெயர்கள்தான், அதுவும் அவர்களை அவமதித்த ஒரு சட்டத்தின் புண்ணியத்தால்.

இன்னொரு திருப்பம், மதம் மாறியவர்கள். 1868-லிருந்து டிரினிடாட்டில் கனடா பிரெஸ்பிடேரியன் மிஷன் இந்தியர் நடுவே வேலை செய்தது. பள்ளிகள் நடத்தியது. ஞானஸ்நானத்தில் பெயர் மாறும். அப்போது சர்ச் பதிவேடு இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

எண் கிடைத்துவிட்டது என்றால், டிரினிடாட்டுக்கு போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ள தேசியக் காப்பகம். கயானாவுக்கு ஜார்ஜ்டவுனில் உள்ள வால்டர் ராட்னி காப்பகம். சுரினாம்தான் இதில் சொகுசு: 1873-ல் லல்லா ரூக் கப்பலில் தொடங்கி கல்கத்தாவிலிருந்து போன ஏறக்குறைய 34 ஆயிரம் பேரின் விவரத்தை நெதர்லாந்து தேசியக் காப்பகத்தின் தளத்தில் வீட்டிலிருந்தே, காசு கொடுக்காமல் தேடலாம். டிரினிடாட், கயானா, சுரினாம், ஃபிஜி ஆகிய நாடுகளின் ஒப்பந்தக் கூலி ஆவணங்கள் 2011-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அந்தக் கௌரவம் வந்ததற்காக ஜார்ஜ்டவுன் பதிவேடு உங்கள் செல்போனில் வந்துவிடாது. அங்கே போக வேண்டும், அல்லது போகக்கூடிய ஒருவர் வேண்டும்.

கப்பல் பட்டியலில் பெயர் கிடைத்தாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஒப்பந்தம் முடிந்து கணிசமானோர் ஊர் திரும்பினார்கள். நீங்கள் கண்டுபிடித்தவர் தீவிலேயே தங்கியவரா, அல்லது ஊர் திரும்பியவரின் பெயரைக் கொண்ட வேறொருவரா என்று பார்க்க வேண்டும்.

'மதராசி' என்றால் தமிழரா?

கயானாவில் மதராசி என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சமூகம் இன்றும் இருக்கிறது. காளி மாய் கோயில்கள், மாரியம்மன் பூசை, உடுக்கை, சாமியாட்டம் எல்லாம் அவர்களிடம் உண்டு. நாகமுத்து, வீராசாமி, பெருமாள் என்ற பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. 2015 முதல் 2020 வரை கயானா பிரதமராக இருந்த மோசஸ் நாகமுட்டுவின் பெயரில் இருப்பது நம் நாகமுத்துதான். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு வீராசாமி பெர்மாலைத் தெரிந்திருக்கும்.

ஆனால் மதராசி என்பது துறைமுகத்தின் பெயர். மொழியின் பெயர் இல்லை. சென்னையில் கப்பலேறியவர்களில் விசாகப்பட்டினம், கஞ்சம் பக்கத்துத் தெலுங்கரும் உண்டு. எனவே நான் மதராசி, ஆகவே தமிழன் என்று ஒருவர் முடிவு கட்டுவதற்கு முன் ஜில்லா கட்டத்தைப் பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், 1840, 50-களின் பதிவுகளில் பின்னாளில் வந்த அளவுக்கு விவரம் இருப்பதில்லை. சில பட்டியல்களில் பெயர், வயது, அவ்வளவுதான். கடைசியில் போனவருக்கு ஊர் வரை முகவரி இருக்கிறது. முதலில் போனவருக்குப் பெயர்தான் மிச்சம். தலைமுறைக் கணக்கிலும் பின்னால், ஆவணத்திலும் பின்னால்.

ஜில்லா எழுதப்பட்டிருந்தாலும் அது இன்றைய வரைபடத்தில் இல்லை. வட ஆற்காடு என்று இருந்தால் அது இன்றைக்கு வேலூரா, ராணிப்பேட்டையா, திருப்பத்தூரா, திருவண்ணாமலையா, இல்லை ஆந்திராவின் சித்தூரா? தென் ஆற்காடு என்றால் கடலூரா, விழுப்புரமா, கள்ளக்குறிச்சியா? இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஜார்ஜ்டவுனில் இருப்பவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

அடுத்தது காது. தமிழ்ப் பெயரை ஆங்கிலக் குமாஸ்தா காதால் கேட்டு எழுதினார். அந்த எழுத்தைத் தீவில் இன்னொரு குமாஸ்தா கண்ணால் பார்த்துப் பிரதி எடுத்தார். முனுசாமி மூன்சாமி ஆனார். முத்து மூட்டு ஆனார். பட்டாவில் தாத்தா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருப்பதற்காக நீங்கள் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்திருந்தால், இந்தக் கஷ்டத்தின் ருசி உங்களுக்குத் தெரியும். இங்கே அது கடல் தாண்டி, 170 ஆண்டு தாண்டி. இதற்கு ஒரே வழி, எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. அதைச் செய்ய மூலமொழி தெரிந்திருக்க வேண்டும். தேடுபவருக்கோ மூன்று நான்கு தலைமுறைக்கு முன்பே தமிழ் போய்விட்டது.

நம் வழக்கப்படி ஒருவருக்கு ஒரு பெயர்தான், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. தீவில் அது குழம்பியது. சில வீடுகளில் கப்பலேறியவரின் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயரானது; சில வீடுகளில் அவருடைய அப்பா பெயர். ஒரே ஆளின் இரண்டு பிள்ளைகள் இரண்டு குடும்பப் பெயரோடு வளர்ந்திருக்கலாம். ஆகவே நம்ம பெயர் வேறு, அவங்க பெயர் வேறு என்று ஒரு பதிவை ஒதுக்கிவிடக் கூடாது.

ஜாதிக் கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அந்த ஆள் சொன்னது, அல்லது தரகர் சொல்லச் சொன்னது. கடல் தாண்டும்போது ஜாதியை விட்டுவிட்டுப் போனவர்களும், மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. ஊர் தேடுவதற்கு ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதில் பெருமை தேட ஒன்றுமில்லை.

ஃபிரெஞ்சுத் தீவுகளில் மூன்று பிரதி

தமிழ் வேர் தேடுபவருக்கு, கயானாவைவிட மார்டினிக்கும் குவாதலூப்பும் நம்பிக்கை தருகின்றன. 1853-ல் அவுரேலி என்ற கப்பல் மார்டினிக்கில் வந்து நின்றது. அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கும் இந்தியர் வந்தார்கள். பிறகு மார்டினிக்குக்கு ஏறக்குறைய 25 ஆயிரம் பேர், குவாதலூப்புக்கு ஏறக்குறைய 42 ஆயிரம் பேர். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்கள் நிறைய என்பதால் தமிழர் பங்கு அதிகம். அங்கே இன்றும் ராமசாமி, சிதம்பரம், வைத்திலிங்கம் எல்லாம் ஃபிரெஞ்சு உச்சரிப்பில் குடும்பப் பெயர்கள். தெருக்கூத்து வழியில் வந்த ஆட்டத்துக்கு நத்ரோன் என்று பெயர். நாடகம் என்ற சொல்தான் அப்படி ஆகியிருக்கிறது.

நம்பிக்கைக்குக் காரணம் இந்தியருக்கும் முந்தைய ஒரு ஆணை. 1776-ல் ஃபிரெஞ்சு மன்னர், காலனிகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைக் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். 1902 மே 8-ம் தேதி மார்டினிக்கில் பெலே எரிமலை வெடித்து, செயிண்ட் பியேர் நகரமே சில நிமிடங்களில் அழிந்தது. அந்த ஊர்ப் பதிவேடுகளின் பிரதிகள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தன. இன்றைக்கு ஆக்ஸ் அன் ப்ரோவான்ஸ் நகரில் உள்ள ஃபிரெஞ்சுக் கடல்கடந்த காப்பகத்தின் தளத்தில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் காகிதம் இருந்தால் உரிமை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். குவாதலூப்பில் பிறந்த இந்தியர்களை ஃபிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க அரசு மறுத்தது. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-ல் தொடங்கிய சட்டப் போராட்டம், 1923-ல்தான் வென்றது. பிறந்ததற்குப் பதிவு இருந்தும் 19 ஆண்டுகள்.

ஆப்பிரிக்க வேர்: முதலாளியின் பெயரில் தேடு

கரீபியனில் ஒரே வீட்டில் இரண்டு வேர்கள் இருப்பது சாதாரணம். இந்தியத் தாத்தாவும் ஆப்பிரிக்கப் பாட்டியும் உள்ள பிள்ளையை டிரினிடாட்டில் டூக்லா என்பார்கள். இந்தியக் கிளையில் 1850 வரை போய்விட்டவர், ஆப்பிரிக்கக் கிளையில் அதே வேகத்தில் போனால் 1834-ல் முட்டிக்கொள்வார்.

1807-ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த பிறகு, திருட்டுத்தனமாக ஆள் கடத்தப்படுவதைத் தடுக்க அடிமைகளின் பதிவேடு எழுதும் முறை வந்தது. முதலில் டிரினிடாட்டில், 1813-ல். அதில் சுமார் 25,700 பேர் இருக்கிறார்கள். மற்ற தீவுகளில் 1817 முதல், பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 1834 வரை. பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்பது இருக்கும். சில இடங்களில் தாயின் பெயர் இருக்கும். டிரினிடாட் பதிவேட்டில், ஆப்பிரிக்காவில் பிறந்தவரின் இனக்குழுவும், உடல் அடையாளங்களும்கூட இருக்கின்றன. தந்தையின் பெயரைக் காண்பது மிக அரிது.

இவை எப்படி வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன தெரியுமா? முதலாளியின் பெயரில். ஆகவே உங்கள் மூதாதையைத் தேட, அவரை உடைமையாக வைத்திருந்தவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் முதலில் தெரிய வேண்டும். கூலிக்குக் கப்பல் எண் எப்படியோ, அடிமைக்கு முதலாளி பெயர் அப்படி. இரண்டு கணக்கையும் எழுதியவர்கள் ஒரே வகை ஆட்கள், ஒரே நோக்கத்தோடு.

முதலாளியைக் கண்டுபிடிக்க உதவுவது, கேட்கவே கசக்கும் ஓர் ஆவணம். 1833-ல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு கொடுத்தது. விடுதலையானவர்களுக்கு இல்லை, சொத்து இழந்த முதலாளிகளுக்கு. அதைக் கேட்டு வந்த விண்ணப்பங்களை வைத்து, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஒரு தேடுதளம் உருவாக்கியிருக்கிறது. தீவு, ஊர், தோட்டம் என்று தேடினால் முதலாளி கிடைப்பார். அவர் பெயரோடு, லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தின் அடிமைப் பதிவேட்டுக்குப் போகலாம். பிரிட்டிஷ் கரீபியனின் இந்தப் பதிவேடுகளை 2009-ல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. டச்சு சுரினாமின் அடிமைப் பதிவேடுகள் பொதுமக்கள் திரட்டிக்கொடுத்த பணத்தில் 2018-ல் இணையத்துக்கு வந்தன.

1813-க்கு முன்னால் என்ன? உயில், தோட்டத்தின் சொத்துப் பட்டியல், அடமானப் பத்திரம். மாடு இத்தனை, செம்புக் கொப்பரை இத்தனை என்ற வரிகளுக்கு நடுவில் ஒரு பெயர். அதற்கும் முன்னால் கப்பல். அடிமைக் கப்பல்களின் 36 ஆயிரம் பயணங்கள் வரை தொகுக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் உள்ளே இருந்தவர்களின் பெயர் கிட்டத்தட்ட எதிலும் இல்லை. 1808-க்குப் பிறகு நடுக்கடலில் பிடிபட்டு விடுவிக்கப்பட்ட கப்பல்களில் இருந்த 90 ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் ஆப்பிரிக்கப் பெயர்கள் மட்டும் எழுதிவைக்கப்பட்டன. ஆறாம் தலைமுறைக்குக் கார்டு தருகிறேன் என்று கானாவோ பெனினோ சொன்னாலும், எந்தக் கிராமம் என்று காட்டப் பெரும்பாலானவர்களிடம் ஒன்றுமில்லை.

எரிவதும் கிழிவதும்

1903-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தண்ணீர்க் கட்டணத்தை எதிர்த்து நடந்த கலவரத்தில், அரசு அலுவலகமான ரெட் ஹவுஸ் எரிந்தது. 1945-ல் ஜார்ஜ்டவுனில் பெரும் தீ. இவை பழைய கதை. 2024 ஜூனில் பார்படோஸ் காப்பகத்தின் ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது, மின்னல் தாக்கி. ஒற்றைப் பிரதியாக இருந்த ஆவணங்கள் போயின. 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலில், கரீபியன் தீவுகளில் எடுத்த ஆவணப் படங்களையும் வைத்திருந்த அதன் அழியும் ஆவணங்கள் திட்டத் தளம் முடங்கிப்போனது. ஸ்கேன் செய்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்பதும் முழு உண்மை இல்லை பாருங்க.

இயற்கை அழிப்பதைவிட மோசமானது, அலுவலகம் அழிப்பது. 1948-ல் விண்ட்ரஷ் கப்பல் வந்தது முதல் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த கரீபியர்கள் பல பத்தாண்டுகள் அங்கேயே உழைத்து வாழ்ந்தார்கள். திடீரென்று, நீங்கள் 1973-க்கு முன் வந்ததற்கு ஆதாரம் எங்கே என்று அரசு கேட்டது. அவர்கள் வந்திறங்கியபோது பதிந்த கார்டுகளை அதே அரசின் உள்துறை 2010-ல் அழித்திருந்தது. வேலை போனவர்கள், மருத்துவம் மறுக்கப்பட்டவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் உண்டு. 2018-ல் இது வெடித்து, உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். ஆதாரம் கேட்கும் அரசு, ஆதாரத்தைப் பாதுகாக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். ஓசிஐ விஷயத்தில் நம் அரசுக்கும் அது பொருந்தும்.

இந்தியா என்ன செய்யலாம்?

கூலிகளாகப் போன கிர்மிட்டியா மக்களுக்காக, எந்த ஊரிலிருந்து யார் போனார் என்ற தரவுத்தளம் உருவாக்கப்படும் என்று 2025-ல் புவனேஸ்வரில் நடந்த வெளிநாடுவாழ் இந்தியர் மாநாட்டிலும், பிறகு டிரினிடாட்டிலும் பிரதமர் பேசினார். இது உருப்படியான யோசனை. ஆனால் கல்கத்தா ஆவணங்களோடு அது நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. போஜ்புரி பேசும் பகுதிகளின் கதைதான் கிர்மிட்டியா கதை என்று டெல்லியில் ஒரு பழக்கம் உண்டு. எண்ணிக்கையில் அவர்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் தரவுத்தளம் மிகவும் தேவைப்படுவது, தாளில் விவரம் குறைவாக உள்ள சென்னைக் கப்பல்களுக்குத்தான். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் கோப்புகள் இருக்கின்றன. துறைமுகத்துப் பக்கக் கணக்கையும் தீவுப் பக்கக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறைய ஓட்டைகள் அடையும். முடியாத காரியம் இல்லை. 1860 முதல் 1911 வரை நேட்டால் போன 1,52,184 பேரின் பட்டியலை தென்னாப்பிரிக்காவில் அப்படித்தான் ஒன்றுதிரட்டினார்கள். டர்பனில் உள்ள தமிழர் ஒருவர் தன் பூட்டனின் கிராமத்தைக் கண்டுபிடிப்பது கயானா மதராசியைவிட எளிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

ஆவணம் இல்லாதவருக்கு மாற்று ஆதாரம் எதை ஏற்பது என்பதையும் அரசு எழுத்தில் சொல்ல வேண்டும். தோட்டக் கணக்கு, சர்ச் பதிவேடு, நிலப்பத்திரம் இவற்றில் எது செல்லும்? கப்பல் தாள் மட்டும்தான் என்றால், 1850-களில் போனவரின் வாரிசுக்கு அறிவிப்பு அறிவிப்பாகவே இருக்கும்.

வட ஆற்காட்டிலிருந்து எங்க பாட்டன் வந்தார் என்று ஜார்ஜ்டவுனிலிருந்தோ குவாதலூப்பிலிருந்தோ உங்களுக்கு ஒரு மெயில் வரலாம். ராணிப்பேட்டை, கடலூர் பக்கத்துக்காரர்கள் சிலருக்கு ஏற்கெனவே வந்திருக்கும். மூன்று விஷயம் கேளுங்கள்: கப்பல் பெயர், வந்த ஆண்டு, பதிவு எண். பிறகு கிராமத்தின் பெயரை அவர்கள் எழுதியபடி படிக்காமல், அவர்களை வாயால் சொல்லச் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் தொலைந்த ஊர் சில நேரம் காதில் கிடைக்கும்.